தேன்சிட்டின் மேல் நான் போட்ட பழி

புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். தோட்டக்காரர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது? தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதனால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். விவசாயப் போதனாசிரியராக நான் வேலை செய்த காலம் முழுவதும், பதில் தெரியாத நாட்களில் எனக்குப் பெரிய சிக்கல் வந்ததில்லை. பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை விட்டு இறங்கிய நாட்களில்தான் வந்தது. அப்படி ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நீர்வேலிப் பக்கம் எனக்கு மாற்றமாகி இரண்டாம் வருடம். அந்த வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வாழைத் தோட்டங்களைப் பிய்த்து எறிந்திருந்தது. குலை தள்ளிய வாழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. காற்று ஓய்ந்தபின் ஒரு கூட்டம் வைத்தோம். தோட்டத்தின் தென்மேற்கு எல்லையில் நெருக்கமாக அகத்தி வைத்தால் காற்றின் வேகம் தணியும் என்று பேசி முடிவானது. பன்னிரண்டு பேர் தங்கள் தோட்டத்தில் வைக்க முன்வந்தார்கள். விதைக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டார்.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "விதைக்கு அலையத் தேவையில்லை. தவராசா அண்ணையின்ரை அகத்தி வேலி ஒண்டே காணும். அடுத்த மாரிக்கு முதல் எல்லாருக்கும் நான் தாறன்."

தவராசா அண்ணையின் வாழைத் தோட்டத்து எல்லையில் முப்பதுக்கு மேற்பட்ட வெள்ளை அகத்திகள் நின்றன. நல்ல உயரம், நல்ல காய்ப்பு. அவற்றை மனதில் வைத்துத்தான் வாக்குக் கொடுத்தேன். பூக்காத மரத்தின் விதையைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டு வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்து மரங்கள் பூத்தன. இரண்டாம் கிழமை தவராசா அண்ணை எங்கள் விவசாயக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். பூவெல்லாம் கிழிந்து விழுகிறதாம். நான் போனபோது நடுமத்தியானம். நிலமெல்லாம் பூ. இதழ் பாதி இல்லாத பூ, உள்ளே ஒன்றுமில்லாத பூ. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல ஒரு சின்ன வெடிப்பு. அண்ணாந்து பார்த்தேன். மேலே ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கியபடி ஒரு பூவின் அடியைக் கொத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டதாகவே நினைத்தேன்.

"அண்ணை, உந்தக் குருவியள்தான் கிழிக்குது. தேனுக்காகப் பூவை உடைக்குது. மினுங்கல் ரேப், அந்தப் பளபளக்கிற நாடா, கட்டிவிடுங்கோ, வராது."

"உந்தச் சின்னக் குருவியோ மிஸ்?"

"சின்னன் எண்டாலும் எத்தினை வருது பாருங்கோ."

அவர் தலையாட்டினார். எனக்கு அன்று சாவகச்சேரியில் இன்னொரு கூட்டம் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். மரத்தடியில் ஒரு பெண் நுனியில் கொக்கி கட்டிய கொக்கத்தடியால் இலைக்குழை முறித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஒழுங்கையில் ஆடு வளர்க்கும் பூமணி அக்கா. ஆட்டுக்குக் குழையும் சந்தைக்குப் பூவும் அந்த வேலியிலிருந்துதான் அவர் எடுப்பார். என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு குழை முறிப்பதைத் தொடர்ந்தார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் நின்று கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். தவராசா அண்ணை வேலையை முழு மனதோடு செய்திருந்தார். கடையில் வாங்கிய ரேப் போதாமல், மகள் பூப்பெய்தியபோது நடந்த சாமத்தியவீட்டின் வீடியோக் கசற்றை உடைத்து, உள்ளேயிருந்த நாடாவையும் மரத்துக்கு மரம் கட்டியிருந்தார்.

"அது சீடியிலை இருக்கு மிஸ், பயமில்லை" என்றார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பார்த்த பார்வையில் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

காற்றுக்கு அந்த நாடாக்கள் விர்ரென்று இரைந்தன. ஒரு தேன்சிட்டுக்கூட இல்லை.

"ஒரு குருவி இல்லை, பாத்தீங்களோ" என்றார் அவர் பெருமையாக.

அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து பூமணி அக்காவின் குரல் வந்தது: "ஓம், குருவி இல்லை. பூ மட்டும் முந்தின மாதிரியே கிழியுது."

நான் நிலத்தைப் பார்த்தேன். உண்மைதான். கிழிந்த பூக்கள் குறையவே இல்லை. அதைவிட மோசமான ஒன்றையும் கண்டேன். ஒரு கீறலும் இல்லாத முழுப் பூக்களும் பிஞ்சு பிடிக்காமல் வாடி உதிர்ந்து கிடந்தன. மரத்தில் ஒரு காயைக் காண்பதற்கு நெடுநேரம் தேட வேண்டியிருந்தது.

"அக்கா, அண்டைக்கு ஏதோ சொல்ல வந்தனீங்கள்" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "காலமை வாங்கோ மிஸ். நான் ஆறே முக்காலுக்கு இஞ்சை நிப்பன். வெயில் சுட்டால் அதுகள் இறங்கிப் புல்லுக்கை போயிடும், நீங்கள் காணமாட்டியள்."

அடுத்த நாள் பனி இன்னும் விலகாத நேரத்தில் போய் நின்றேன். பூமணி அக்கா கொக்கத்தடியால் ஒரு கொப்பை வளைத்து என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். ஒரு பூவுக்குள் மூன்று வண்டுகள். கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் பட்டி. குளிருக்கு விறைத்துப்போய், ஆனாலும் மெதுவாக இதழை மென்றுகொண்டிருந்தன. அடுத்த பூவில் இரண்டு. அதற்கடுத்ததில் மகரந்தத் தாள்களே இல்லை. கொப்புள வண்டு. பூவைத் தின்பதற்கென்றே வருவது. படித்த காலத்தில் படம் கீறி மதிப்பெண் வாங்கிய பூச்சி. அதை விட்டுவிட்டுக் குருவியைக் குற்றவாளியாக்கியிருந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குருவியும் முழுக்கச் சுத்தம் இல்லை. பூவின் அடியில் நான் கண்ட சின்ன வெடிப்பு அதன் வேலைதான். சில நேரம் முன்வாசலால் போகாமல் அடியைக் கிழித்துத் தேனைக் குடித்துவிடும். அந்தச் சின்னத் திருட்டைக் கண்டு, பெரிய நாசம் முழுவதையும் அதன் தலையில் போட்டேன். ஒருவர் ஒரு பிழை செய்தார் என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கலாம். மற்றப் பிழையையும் அவர்தான் செய்தார் என்பதற்கு அது சான்று ஆகாது.

நான் இதைத் தவராசா அண்ணைக்குச் சொல்லத் திரும்பினேன். எங்களுக்குப் பின்னால் நின்றவர் நாங்கள் பேசியதை ஏற்கெனவே கேட்டுவிட்டார். கொட்டிலுக்குள் போய் மருந்து அடிக்கும் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருந்தும் கரைத்தாயிற்று.

"தள்ளி நில்லுங்கோ மிஸ். அரை மணித்தியாலத்திலை முடிக்கிறன்."

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ."

"என்ன பொறுக்கிறது? போன முறை குருவி எண்டீங்கள். இந்த முறை வண்டு எண்டுறியள். அடுத்த முறை நான்தான் எண்டு சொல்லுவியளோ?"

பூமணி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பினார். அவர் சொன்னது நியாயம். ஒருமுறை பிழையாகச் சொன்ன வாயால் இன்னொருமுறை 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கும் ஒரு நாள் தெரியவரும். அந்த நேரத்தில் சரி அடியுங்கள் என்று சொல்வதுதான் எனக்கு இலகு. மருந்து அடித்தால் வண்டு சாகும், அண்ணைக்கும் திருப்தி, என்னுடைய பிழையும் மறந்துபோகும்.

ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டு, வாழைக்குள் தள்ளி நின்று ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பூச்சிகளோடேயே வேலை செய்து நரைத்த ஒரு மூத்த சகபாடி. தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. வண்டின் நிறம், அளவு, எத்தனை பூ என்று அடுக்கத் தொடங்கினேன். இடையில் மறித்தார்.

"வண்டு கிடக்கட்டும். அந்த மரத்திலை வேறை ஆரார் சாப்பிடினம்?"

"ஆரார் எண்டால்?"

"எண்ணிச் சொல்லும்."

எண்ணினேன். பூமணி அக்காவின் ஆடுகள். சந்தையில் அவரிடம் பூ வாங்கித் தேங்காய் போட்டு வறை வறுப்பவர்கள். தவராசா அண்ணையின் வீட்டு ஆட்களும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். கறுப்புத் தச்சன் தேனீக்கள் வருகின்றன. தேன்சிட்டு வந்துகொண்டிருந்தது, நான் கலைத்துவிட்டேன்.

"அப்ப நீர் அடிக்கச் சொல்லப்போற மருந்து அவ்வளவு பேருக்கும்தான்" என்றார். பிறகு குரலைத் தணித்து, எனக்கு விளங்காமல் இருந்த மற்றதையும் விளக்கினார். அகத்திப் பூ குருவிக்கென்று அமைந்த பூ. குருவியின் தலையில் பட்டு மகரந்தம் மரத்துக்கு மரம் போனால்தான் நிறையக் காய் பிடிக்கும். ஒரு மரத்தில் அடுத்தடுத்து மூன்று பூ தின்னப்பட்டு, தேன் இல்லாமல் இருந்தால், குருவி அந்த மரத்தையே விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். அப்போது வண்டு தொடாத பூவும் வீண். வண்டு தின்றது ஒரு பங்கு நட்டம் என்றால், குருவி வராததால் வருவது அதைவிடப் பெரிய பங்கு. நான் ரேப் கட்டி அந்த இரண்டாம் பங்கை என் கையாலேயே முடித்து வைத்திருந்தேன்.

"இப்ப போய்ப் பிழையைச் சொல்லும்" என்றார். "முதலிலை பிழை. காரணம் பிறகு. மாறிச் சொன்னால் சாட்டுச் சொல்லுறமாதிரி இருக்கும்."

திரும்பி வந்தேன். "அண்ணை, நான் சொன்னது பிழை. குருவியைக் கலைச்சதாலைதான் காயும் இல்லாமல் போச்சு. அது என்ரை பிழை, உங்கடை இல்லை. இப்ப மருந்தும் அடிச்சால் மிச்சமும் போயிடும்."

அவர் மெசினை இறக்கவில்லை. "அப்ப வண்டை என்ன செய்யிறது? கதைச்சு அனுப்புறதோ?"

பதில் பூமணி அக்காவிடம் இருந்தது.

"நான் என்ரை ஆட்டுக்குக் குழையை எப்பவும் உதறிப்போட்டுத்தான் போடுறனான்" என்றார். "ஒருக்கால் உதறாமல் போட்டு, ஒரு மறி ஆட்டுக்கு வாயெல்லாம் புண்ணாய்ப் போச்சு. விடியக் குளிருக்கை உதறினால் அதுகள் பறக்காது. பொத்துப் பொத்தெண்டு விழும்."

தவராசா அண்ணை மரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், முதுகில் இருந்த மெசினை இறக்கி வைத்தார். உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து மரத்தடியில் விரித்தார். அக்கா கொக்கத்தடியைக் கொப்பில் மாட்டி ஒரு உலுப்பு உலுப்பினார். வெள்ளை வேட்டியில் கறுப்பும் செம்மஞ்சளுமாகக் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். "பாருங்கோவன், இவ்வளவோ" என்றார் அண்ணை, ஏதோ தானே வளர்த்ததுபோல.

முப்பது மரத்தை மூன்று பேரால் உதற முடியாது. அன்று பின்னேரமே விதை கேட்ட பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டேன். அவர்கள் முன்னாலும் பிழையை முதலில் சொன்னேன், காரணத்தைப் பிறகு. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "குருவியிட்டை மன்னிப்புக் கேட்டிட்டியளோ?" என்றார். அதன் பிறகு, காலையில் யார் யார் வருவது என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். திட்டப்போகிறார்கள் என்று பயந்துகொண்டு நின்ற எனக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்த மூன்று கிழமையும் காலை ஆறே முக்காலுக்கு அந்த எல்லையில் ஒரு சின்னத் திருவிழா. ரேப்பையும் நாடாவையும் முதல் நாளே கழற்றினோம். ஆளுக்கு ஒரு வேட்டி அல்லது பழைய சேலை, சவர்க்காரத் தண்ணீர் வாளி, கையுறை. கொப்புள வண்டு நசுங்கினால் அதன் நீர் பட்ட தோல் கொப்பளித்துவிடும். ஆகவே நீட்டுக் கைச்சட்டை போடுங்கள், வெறும் கையால் தொடாதீர்கள் என்று நான் தினமும் பிரசங்கம் செய்தேன். மூன்றாம் நாள் என் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பழக்கத்தில் கையால் ஒரு தட்டு. அன்று பின்னேரம் கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கொப்புளம்.

"மிஸ்ஸுக்கு வண்டு கையெழுத்துப் போட்டிருக்கு" என்றார் பூமணி அக்கா. எல்லாருக்கும் அதைக் காட்டினார். அதற்குப் பிறகு கையுறை போடாமல் ஒருவரும் வரவில்லை. என் பிரசங்கம் செய்யாததை அந்தக் கொப்புளம் செய்தது.

எட்டு மணிக்குப் பிறகு மரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். மரத்தைக் குருவிக்கு விட வேண்டும். எல்லாரும் தவராசா அண்ணையின் வீட்டு முற்றத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடிப்போம். கசற் விசயத்தில் கோபமாக இருந்த அவர் மனைவியும் அதற்குள் சமாதானமாகிவிட்டார். எல்லாம் சந்தோசமாகத்தான் நடந்தது. குருவி மட்டும் வரவில்லை.

ஐந்தாம் நாள் வரவில்லை. எட்டாம் நாளும் இல்லை. மரத்தில் இப்போது முழுப் பூக்கள், வெள்ளை வெளேரென்று. ஆனால் அவை பிஞ்சு இல்லாமல் உதிர்ந்தன. பூக்கும் காலம் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. தவராசா அண்ணை கொட்டிலில் இருந்த மெசினை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இரண்டாம் தடவையும் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்றே யோசித்தேன்.

பத்தாம் நாள் காலை நாங்கள் உதறிக்கொண்டிருந்தபோது பூமணி அக்கா திடீரென்று கொக்கத்தடியை அசைக்காமல் நின்றார். வாயில் விரலை வைத்தார். நாலு மரம் தள்ளி, மங்கலான நிறத்தில் ஒரு பெண் தேன்சிட்டு. ஒரு பூவில் முகத்தை விட்டு எடுத்தது. அடுத்த பூ. அதற்கடுத்தது. நெற்றியில் மஞ்சளாகப் பூந்தூள். மரம் மாறிப் போனது.

வேட்டியைப் பிடித்தபடி எட்டுப் பேர் அசையாமல் நின்றோம். வாளிக்குள் வண்டுகள் நீந்திக்கொண்டிருந்தன. குருவி ஐந்தாவது மரத்துக்குப் போன பிறகுதான் தவராசா அண்ணை மெதுவாகச் சொன்னார்: "உது சாப்பிட்டு முடியட்டும். நாங்கள் தேத்தண்ணியைக் குடிப்பம்." மணி ஏழுகூட ஆகவில்லை.

நான்கு நாட்களில் ஆறேழு குருவிகள். மாசி முடிவில் மரங்களில் நீளநீளமாகப் பிஞ்சுகள் தொங்கின.

கந்தோர்ப் படிவத்தில் 'பரிந்துரைத்த மருந்து' என்ற இடத்தில் 'வேட்டி, வாளி, சவர்க்காரம்' என்று எழுதினேன். மேலதிகாரி வட்டம் போட்டு, 'இது மருந்து அல்ல' என்று திருப்பி அனுப்பினார். 'ஆம்' என்று பக்கத்தில் எழுதி மறுபடி அனுப்பினேன். 'காரணம்' என்ற இடத்தில் என் முதல் ஆலோசனை பிழை என்பதையும் எழுதினேன். அதற்கு யாரும் வட்டம் போடவில்லை. நீங்களும் எழுதுங்கள். ஒன்றும் ஆகாது.

இதை முழு வெற்றி என்று சொல்லி முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் வண்டும் நானும் சேர்ந்து தொலைத்த முதல் ஐந்து கிழமைப் பூ திரும்பி வரவில்லை. விதையை உடைத்துப் புடைத்துப் பார்த்தபோது எட்டுத் தோட்டத்துக்குத்தான் போதுமாக இருந்தது. பங்கிடுகிற பொறுப்பைப் பூமணி அக்காவிடம் கொடுத்தோம். காற்று நேரே அடிக்கும் தோட்டங்களுக்கு முதலில் என்று அவர் பிரித்தார். யாரும் மறுக்கவில்லை. மிச்சம் நாலு பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த நாலு பேரும் விடியற்காலைக் குளிரில் வந்து உதறியவர்கள்.

ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்திருக்கலாம். வாக்குக் கொடுத்தது வாயால், ஆகவே நேரே போனேன். மூன்று வீட்டில் முகம் கொஞ்சம் வாடியது, அவ்வளவுதான். நாலாவது வீடு உரும்பிராயில். செல்லத்துரை அண்ணை என்று, அதிகம் கதைக்காத மனிதர். கூட்டங்களில் கடைசியில் இருந்துவிட்டு எழுந்து போவார். நீர்வேலியில் குத்தகைக்குச் செய்யும் வாழைத் தோட்டத்துக்காக விதை கேட்டிருந்தார். நான் முற்றத்தில் நின்றபடியே விசயத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கந்தோர் ஆக்கள் எல்லாரும் தாறம் எண்டு சொல்லத்தான் வாறவை" என்றார் கடைசியில். "இல்லை எண்டு சொல்ல ஒருத்தரும் வாறேல்லை. நிக்காதேங்கோ, வந்து இருங்கோ."

தேத்தண்ணி குடித்தோம். நான் எழும்பும்போது கேட்டார்: "வாற வருசமும் வண்டு வருமோ?"

"வரும் அண்ணை. ஒவ்வொரு வருசமும் வரும்."

"எத்தினை மணிக்கு வரோணும்?"

"ஆறே முக்காலுக்கு."

"நான் ஆறுக்கு நிப்பன்."

அடுத்த தையில் முதல் பூ விரிந்த அன்று நான் ஆறு மணிக்கே அகத்தி வேலிக்குப் போனேன். செல்லத்துரை அண்ணை வேட்டியை விரித்துவிட்டிருந்தார்.